மிஸ்ஸியம்மா ஊர்ச் சாரல்

சாரலில் நனைந்தால் சளி பிடிக்காது என்று நம்புகிற கடைசிக் கூட்டம் நாம்தான். நமக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் குடையோடு பிறந்தவர்கள். என் பேத்தி தென்காசிப் பக்கம் போய்வந்து மூன்று நாள் தும்மிவிட்டு, பழியைச் சாரல் மேல் போடுகிறாள். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். சாரல் மழையா என்ன? இது தெரியாதவர்களோடு நான் வாதாடுவதில்லை. உங்களைப் போல என் வயதுக்காரிகளோடு பேசும்போதுதான் எனக்கு வாய் வலிப்பதில்லை.

அதனால் உங்களுக்கு மட்டும் ஒரு சங்கதி சொல்கிறேன். சாரலுக்கு வேறொரு தேசத்தில் வேறொரு பெயர் உண்டு. எட்டு வயதில் நான் கற்றுக்கொண்ட பெயர் அது. நம் எழுத்தில் எழுதினால் குலித்லௌ என்று வரும். சொல்லிப் பாருங்கள். நாக்கு சுளுக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

என் அப்பா பாளையங்கோட்டையில் முன்ஷி. வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். நெற்றி நிறையத் திருநீறும் தலைப்பாகையுமாக மிஷன் பங்களாவுக்குப் போவார். அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். துரைமார்களுக்கு அவர் மேல் பெரிய மரியாதை. அம்மாவுக்குக் கிணற்றில் நீர் இறைக்கும் வேலை.

முதல் உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், கல்யாணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண் மிஷனுக்கு வந்தார். அப்படி வருகிறவர்களை ஊரில் மிஸ்ஸியம்மா என்போம். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. ஆண் ஒருவரும் பெண் ஒருத்தியும் ஓர் அறையில் தனியாக உட்காரக் கூடாது என்பதில் மட்டும் மிஷனுக்கும் எங்கள் சைவ வீட்டுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. கூட ஒரு பெண்பிள்ளை இருந்தாக வேண்டும். அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்தது. ஆகவே நான் போனேன்.

என் வேலை, அங்கே இருப்பது. புத்தக அலமாரிக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, தூங்கக் கூடாது, அவர்கள் கொடுப்பதைத் தின்னக் கூடாது. முதல் இரண்டையும் ஓரளவுக்குக் காப்பாற்றினேன். மிஸ்ஸியம்மாவிடம் ஒரு தகர டப்பா இருந்தது. மூடியில் ஆட்டுக்குட்டி படம். அப்பா ஏட்டைப் புரட்டுகிற நேரம் பார்த்து அதிலிருந்து ஒரு பிஸ்கட் என் பாவாடை மடிக்கு வந்துவிடும். அதில் முட்டை இருந்திருக்கும் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது. இனி உறைத்து என்ன செய்ய?

அப்பாவின் பாடத்தில் ஒரு வெண்கலக் கும்பா உண்டு. பக்கத்தில் கைப்பிடி புளியமுத்து, புளியங்கொட்டைதான். கடைத்தெருவில் பேசுகிற பேச்செல்லாம் அப்பாவுக்குக் கொச்சை. மிஸ்ஸியம்மா வாய் தவறி 'வந்தாக' என்றால் கும்பாவில் ஒரு புளியமுத்து டங்கென்று விழும். 'அங்கன' என்றால் இன்னொன்று. பாடம் முடியும்போது விழுந்த ஒவ்வொரு முத்துக்கும் சரியான சொல்லை அவர் பத்துத் தடவை சொல்ல வேண்டும். சமையற்கட்டிலும் தோட்டத்திலும் காதில் விழுந்ததைப் பாவம் அவர் ஆசையாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். அப்பா அதையெல்லாம் கும்பாவில் போட்டு மூடுவார். வீட்டில் எங்களிடம் 'ஏட்டி, அங்கன என்ன செய்யுத?' என்று கேட்கிற அதே அப்பாதான்.

இந்த மிஸ்ஸியம்மாக்களுக்குத் தமிழில் ஒரு பரீட்சை உண்டு. முதலில் எழுத்து. பிறகு, பரீட்சை வைக்கிற துரையின் முன்னால், ஊர்ப் பெண்கள் மூன்று பேரோடு கால் மணி நேரம் பேச வேண்டும். எங்கள் மிஸ்ஸியம்மா முதல் வருஷம் எழுத்தில் தேறி, பேச்சில் தோற்றுவிட்டார். இரண்டாவது தடவையும் தோற்றால் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அங்கே அவருக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா வீட்டு அடுப்படிதான் காத்திருந்தது. இங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்பதற்காகக் கடல் தாண்டி வந்தவர். தோற்ற காரணத்தை அப்பா கேட்கவில்லை. செந்தமிழ் போதாது என்று அவராகவே முடிவுகட்டி, புளியமுத்தை இரண்டு கைப்பிடியாக்கினார்.

ஆனி மாதம் பாளையங்கோட்டை வெயில் தாங்காமல் மிஸ்ஸியம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து கொப்பளித்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் மிஷனுக்கு ஒரு பழைய பங்களா இருந்தது. இரண்டு மாதம் அங்கே இருந்து படிக்கட்டும் என்றார்கள். அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஓர் அத்தை. அப்பாவும் நானும் ரயிலேறி அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கினோம். ரயில் அப்போது புதுசு. ஜன்னலில் தலையை நீட்டிக் கண்ணில் கரித்தூள் வாங்கிக்கொண்டது நான் ஒருத்தி இல்லையே, உங்களில் யார் வாங்கவில்லை?

அந்த இரண்டு மாதத்தை நான் எப்படிச் சொல்வது? காலையில் மேற்கே மலை இருக்கும். பத்து மணிக்குப் பார்த்தால் இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று சாய்ந்து வரும், அதோடு சாரலும் வரும். உப்புச் சட்டியில் உப்பு தண்ணீராகும். தீப்பெட்டி பற்றாது. துணி காயாது. அத்தை கங்குச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து என் பாவாடையை அதன்மேல் விரித்துக் காயவைப்பாள். உடுத்திக்கொண்டால் புகை வாசமும் சூடுமாக இருக்கும். அந்தச் சூட்டோடு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் எத்தனையோ தின்றிருக்கிறேன். அதெல்லாம் அத்தையின் துவையலுக்கு உறை போடக் காணாது.

முதல் சாரல் வந்த அன்று பாடம் நடந்துகொண்டிருந்தது. மிஸ்ஸியம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். எழுந்து, தொப்பியில்லாமல், செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போய் நின்றார். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு என்னவோ சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கன்னத்தில் வழிந்தது சாரலா கண்ணீரா என்று தெரியவில்லை. பட்லர் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, மிஸ்ஸியம்மாவுக்குக் காத்துக்கருப்பு ஏதோ பட்டுவிட்டது என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அவர் முகம்தான் அதிகம் வெளுத்தது. மிஸ்ஸியம்மா பேசுவது இங்கிலீஷ் இல்லை என்று பட்லரிடம் மெல்லச் சொன்னார். அன்று ராத்திரி அத்தை திருநீற்றை மடித்து, மிஸ்ஸியம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். அதை வாங்கிக்கொண்ட மிஸ்ஸியம்மா வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட அத்தை வீட்டுக்குப் போனபோதுதான் மிஸ்ஸியம்மா எனக்கு அதை விளக்கினார். அவருடைய ஊர் இங்கிலாந்துக்குப் பக்கத்தில், மலையாக இருக்கிற ஒரு சின்னத் தேசமாம். அங்கே வீட்டில் வேறு பாஷை. பனித்துளிக்கு ஒரு சொல், மழைக்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்தால் குலித்லௌ. பனி என்றால் வானம் தெளிவாக இருக்கும்போது இறங்கும். மழை என்றால் சத்தம் போடும். இது இரண்டும் இல்லாதது. பெய்வது தெரியாது, நனைந்தது மட்டும் தெரியும். இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு நாள்கூட வேலை வரவில்லையாம். இதற்கு உங்கள் தமிழில் என்ன என்று கேட்டார். அப்பா துவலை என்று எழுதிக்கொடுத்திருந்தார். அந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. பேசக் கூடாது என்கிற கட்டளையை அன்றுதான் மீறினேன். சாரல் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் படித்துறைக்குப் போனோம். சாரலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. துவைக்கிற பெண்கள் துவைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் அவர்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மூன்றாம் நாள் மிஸ்ஸியம்மா படியில் உட்கார்ந்து தன் உள்பாவாடையைத் தானே துவைத்தார், அதுவும் படு மோசமாக. அதைப் பார்த்துச் சகிக்காமல் ஒருத்தி வாங்கித் துவைத்துக் காட்டினாள். பேச்சு அங்கே ஆரம்பித்தது. லேசாக விழுந்தால் தூத்தல், காற்றோடு மலையிலிருந்து சாய்ந்து வந்தால் சாரல் என்று அவருக்குப் பிரித்துச் சொன்னது அவள்தான்.

பத்து நாள் கழித்து அப்பா சீக்கிரம் திரும்பிவிட்டார். படித்துறையில் அவருடைய மாணவி தலைமுடி சொட்டச் சொட்ட உட்கார்ந்து, 'எங்க அக்கா ஒரு மாதிரி, யாரு சொன்னாலும் கேக்க மாட்டா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வந்த வழியே திரும்பி நடந்தார். மறுநாள் கும்பாவுக்குப் பக்கத்தில் மூன்று கைப்பிடி புளியமுத்து இருந்தது.

பாடம் தொடங்குவதற்கு முன் மிஸ்ஸியம்மா அந்தக் கும்பாவைத் தன் பக்கம் இழுத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தன்னுடைய அம்மா சிறுமியாகப் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே வீட்டுப் பாஷை பேசுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களாம். அடுத்து எந்தப் பிள்ளை பேசுகிறதோ அதன் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி. அம்மாவுக்குக் கழுத்துப் பின்னால் கயிறு உரசின தழும்பு சாகும்வரை இருந்ததாம். செந்தமிழில் ஆரம்பித்தவர் பாதியிலேயே படித்துறைப் பேச்சுக்கு வந்துவிட்டார். அப்பாவின் கை புளியமுத்து வரைக்கும் போய் நின்றது.

"ஐயா, போன பரிச்சையில என்ன நடந்துச்சுன்னு நான் உங்ககிட்ட சொல்லலை" என்றார் மிஸ்ஸியம்மா. "அந்த மூணு பொம்பளையாளுகளும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாக. நான் ஜெபம் பண்ணுதேன்னு நெனச்சிட்டாக."

அப்பா அந்தக் கும்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வயதில் அது எனக்குக் கோபமாகத் தெரிந்தது. இனி நமக்கு இந்தப் பங்களா இல்லை, பிஸ்கட் இல்லை, படித்துறை இல்லை என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. இப்போது அவர் வயதையும் தாண்டி வந்து பார்க்கும்போது, அது வெட்கம் என்று தெரிகிறது. நல்ல மனுஷன் அவர். தான் உயிராக மதித்ததைத்தான் கொடுத்தார். வாங்கினவருக்கு அது உதவுகிறதா என்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் முப்பது வருஷம் டீச்சராக இருந்தேன். நானும் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிக் கும்பா வைத்தேனோ.

கடைசியில் அப்பா, தோட்டத்தில் நின்று சொன்ன அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மிஸ்ஸியம்மா சொன்னார், எழுதியும் காட்டினார். தனியாக இருக்கும்போது மழைச் சொல்லின் முதலில் நிற்கிற ஓர் எழுத்து, பனிச் சொல்லோடு சேரும்போது உதிர்ந்துவிடும் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சொல் இன்னொன்றோடு சேரும்போது எழுத்துக் கெடுவது நம் பாஷையில் மட்டும் உள்ள நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். சொந்தக்காரரை வழியில் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார். பதிலுக்குச் சாரலை எடுத்துக்கொண்டார். சார்வது, சாய்வது, அதிலிருந்து சாரல். பழைய ஏடுகளில் அது மலைச்சரிவு. மலையைச் சார்ந்து வருகிற மழைக்கும் ஜனங்கள் அதே பெயரை வைத்துவிட்டார்கள், அது கொச்சை என்று இத்தனை நாள் தள்ளிவைத்திருந்தேன் என்றார். பிறகு மிஸ்ஸியம்மாவின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, துவலைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே சாரல் என்று எழுதினார். அதன் பக்கத்தில் குலித்லௌவையும் எழுதினார்.

மறுநாள் கும்பா அத்தை வீட்டில் மோர் ஊற்ற வந்துவிட்டது. புளியமுத்தையெல்லாம் நான் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டேன். மத்தியானத்தில் அப்பா சாப்பாட்டுக்குப் போய் வேண்டுமென்றே தாமதமாக வர ஆரம்பித்தார். அத்தை வீட்டில் அவருக்கு அவ்வளவு நேரம் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

ஆவணியில் பரீட்சை. பரீட்சை துரையும் வெயிலுக்குப் பயந்து ஆற்றங்கரைப் பங்களாவுக்கே வந்துவிட்டார். எழுத்துப் பரீட்சையில் அப்பாவின் செந்தமிழ்தான் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. இரண்டாம் நாள் பேச்சு. சொல்லிக்கொடுத்தவர் உள்ளே வரக் கூடாது என்பது விதி. துணைக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கலாம் என்பதும் விதி. அப்பா வெளியே பூவரச மரத்தடியில் நின்றார். நான் உள்ளே போய் வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்தேன். மூச்சு விட்டால்கூட என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பட்லர் எச்சரித்திருந்தார்.

நாற்று நடுகிற வயலிலிருந்து மூன்று பெண்களை அழைத்து வந்து வராந்தாவில் நிறுத்தினார்கள். எங்கள் படித்துறைக்காரிகள் யாரும் அதில் இல்லை. காலில் சேறு, கையில் நாற்று வாசம், கண்ணில் பயம். துரை மேஜைக்குப் பின்னால் கடிகாரத்தை எடுத்து வைத்தார். மிஸ்ஸியம்மா வாயைத் திறந்தார்.

"நீவிர்" என்றார். அதோடு நின்றுவிட்டார்.

பயத்தில் பழைய பாடம்தான் முன்னால் வந்தது. அந்தப் பெண்களில் மூத்தவளின் கைகள் மெல்ல ஒன்றை ஒன்று தேடின. கும்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிஸ்ஸியம்மாவின் காது சிவந்து, பார்வை என் பக்கம் வந்தது. கப்பல் எனக்கே தெரிந்தது. நான் பேசக் கூடாது. என் மடியில் பல்லாங்குழிப் புளியமுத்து இருந்தது. ஒன்றை எடுத்துச் சுண்டித் தரையில் போட்டேன். டக்கென்று விழுந்து உருண்டு போனது.

துரை என்னைப் பார்த்தார். நான் எதுவும் தெரியாதவளாகக் கூரையைப் பார்த்தேன். மிஸ்ஸியம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இத்தனை மாதமாகக் கொச்சைக்கு விழுந்த முத்து அன்று செந்தமிழுக்கு விழுந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு எந்த ஊரு தாயி?" என்று கேட்டுக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்தார்.

மூத்தவள் கையைத் தொங்கவிட்டு ஊரைச் சொன்னாள். நடவு எப்படி என்று இவர் கேட்டார். சாரல் விடாமல் அடித்தால் இடுப்பு ஒடிந்துபோகிறது என்று அவள் சொன்னாள். அப்போது வராந்தாவுக்குள் சாரல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. துரை மட்டும் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உங்கள் ஊரில் மழை உண்டா என்று இளையவள் கேட்டாள்.

"எங்க ஊருலயும் இப்பிடித்தான்" என்றார் மிஸ்ஸியம்மா. "பெய்யுதது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தலையைத் தொட்டாத்தான் நனைஞ்சது தெரியும். துணி காயாது. எங்கம்மா அடுப்புக்கு மேல கயிறு கட்டிக் காயப்போடுவாக."

"அப்பொ நம்ம சாரல்தான் அங்கனயும் போகுது" என்றாள் மூத்தவள்.

பிறகு கால் மணி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துணி காயவைப்பதைப் பற்றி மூன்று பெண்களுக்கு மூன்று அபிப்பிராயம் இருந்தது. புகை வாசம் போக என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு சின்னச் சண்டையே வந்தது. துரை இரண்டு தடவை கனைத்துப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். புறப்படும்போது மூத்தவள் படியில் நின்று திரும்பி, இந்தம்மாவுக்குப் பரீட்சை என்று சொன்னார்களே, அது எப்போது என்று பட்லரிடம் கேட்டாள்.

நான் வெளியே ஓடினேன். அப்பா மரத்தடியில் நிற்கவில்லை. மரத்தை விட்டுத் தள்ளிச் சாரலிலேயே நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகை நனைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. திருநீறு கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை முத்து விழுந்திருக்கும்ட்டி?" என்று கேட்டார்.

"கும்பா நிறைஞ்சு தரையெல்லாம் செதறியிருக்கும்ப்பா."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பொ தேறிட்டாக" என்றார்.

முடிவுக் காகிதம் ஒரு மாதம் கழித்துப் பாளையங்கோட்டைக்கு வந்தது. எங்களுக்கு அது பழைய செய்தி. மிஸ்ஸியம்மா பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்தவள் நான். அங்கே பேசலாம் என்றார்கள், அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. அந்தத் தகர டப்பாவைக் கடைசியில் எனக்கே கொடுத்தார். வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. நோட்டுப் புத்தகம் அவரோடு போயிற்று. சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஆனியில் காற்று திரும்பும்போது யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை சொல்லிக்கொள்வேன்.

அன்று பங்களாவிலிருந்து அத்தை வீட்டுக்கு அப்பாவும் நானும் நடந்தே வந்தோம். வழியில் தெரிந்தவர் ஒருவர் தாழங்குடையை நீட்டினார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். குளிப்பதற்குக் கிணற்றடிக்கும் போகவில்லை, நனைந்த வேட்டியோடு நேரே அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்து சோறு கேட்டார். அத்தை எங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே இலை போட்டாள்.

இரண்டு பேருக்கும் சளி பிடிக்கவில்லை.